செருப்பு கட்டிய கம்பு

ஆமை முட்டை திருடியதாக ஒரு மனிதர் மேல் பழி விழுந்தது. பழியை அவர் மேல் போட்டவன் நான். அவர் திருடவில்லை. யாருமே திருடவில்லை. கடலாமையைக் காப்பாற்றுவதற்காக நான் நடத்திய விழாவில்தான் அந்த முட்டைகள் உடைந்தன.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். செடிகொடிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நானும் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகுதான் நமது இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு நிகழ்ச்சி அமைப்பாளராக வந்தேன். ஆகவே விழா நடத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறிய பிழை. ஒரு குளக்கரையில் வலசைப் பறவைகளை வரவேற்க விழா எடுத்தோம். வரவேற்பு என்றால் மேளம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். சிங்காரி மேளம் வைத்தோம். மேளம் தொடங்கியதும் குளத்தில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பூதப்பாண்டிப் பக்கமாகப் போய்விட்டன. பள்ளிப் பிள்ளைகள் மீதி நேரம் மேளக்காரர்களைப் பார்த்தார்கள். விழா அறிக்கையில் நான், “ஏராளமான பறவைகள் ஒரே நேரத்தில் பறப்பதைக் காணும் அரிய வாய்ப்பு மாணவர்களுக்குக் கிடைத்தது” என்று எழுதினேன். சங்கத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அறிக்கை எழுதுவதில் எனக்குத் திறமை உண்டு. இனிச் சொல்லப்போவது அந்தத் திறமை செய்த வேலையைப் பற்றி.

சுனாமி வந்து போன பிறகு எங்கள் மாவட்டக் கடற்கரைகளில் மரம் நடாத அமைப்பே கிடையாது. பெரும்பாலும் காற்றாடி நட்டார்கள். சவுக்கு மரத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நாங்கள் அதற்கு எதிர்க்கட்சி. காற்றாடி வெளியிலிருந்து வந்த மரம், அதன் வேரும் சருகும் நிறைந்த மணலில் ஆமை கூடு வைக்காது, அடும்புக் கொடியும் ராவணன் மீசையும் கைதை என்னும் தாழையும்தான் இந்த மணலுக்குச் சொந்தக்காரர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். புதுக்கடையிலிருந்து பஸ்ஸில் போனால் கடைசி நிறுத்தமாக வரும் ஒரு மீனவ ஊரில், மாசி மாதம், அதற்கென்று பெரிய விழா ஒன்று ஏற்பாடு செய்தேன். காலையில் கடற்கரைத் துப்புரவு, பிறகு நாட்டுச் செடி நடுதல், பிறகு கடலாமை பற்றிய பேச்சு. மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் சூசை என்று ஒருவர் இருந்தார். கட்டுமரக்காரர், வயது ஐம்பதை ஒட்டி. இளமையில் ஆமைக் கூடுகளைத் தோண்டி முட்டையைச் சந்தையில் விற்றிருக்கிறார். அந்த ஊரில் பட்டப்பேர் இல்லாதவர்கள் குறைவு; அவருக்கு “முட்டை” என்று பேர் விழுந்தது. பிறகு ஒரு வருடம் தோண்டுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “அலுத்துப்போச்சு” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் விடியும் நேரத்தில் கரை நெடுகிலும் நடந்து, ஆமை ஏறி இறங்கிய தடத்தைத் தென்னை மட்டையால் இழுத்து அழித்துவிடுவார், யாரும் கூட்டைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று. நாலைந்து வருடத்தில் ஊர் அவரை “ஆமை” என்று கூப்பிடத் தொடங்கியது. ஒரு பட்டப்பேரை மாற்றுவது அந்த ஊரில் பெயரை அரசிதழில் மாற்றுவதைவிடக் கடினம். நமது சங்கம் ஆமைக் காவலர்களுக்கு அடையாள அட்டை கொடுக்க முடிவு செய்தபோது அந்த ஊரிலிருந்து முதல் பெயராக அவருடையதை எழுதியவனும் நான்தான்.

விழா நாளன்று சூசை கடலில் இருந்தார்.

துப்புரவு நன்றாக நடந்தது. பிள்ளைகள் சாக்குச் சாக்காகக் குப்பை பொறுக்கினார்கள். நானும் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கினேன். கரையில் சிலுவை நிற்கும் குருசடிக்குத் தெற்கே, அடும்புக் கொடிக்கு நடுவில், ஒரு கம்பு ஊன்றி அதில் பிய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றை நீல நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். குப்பையைக்கூட இப்படிக் கொடி ஏற்றி வைத்திருக்கிறார்களே என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிச் சாக்கில் போட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியை சிரித்தார்.

பந்தல் போட அந்த இடம்தான் சமமாக இருந்தது. அடும்புக் கொடி காலில் சிக்கியதால் அதைப் பிடுங்கி ஒதுக்கினோம். பந்தலின் முகப்பில் கட்டிய பேனரில் அடும்புக் கொடியின் படம் பெரிதாக இருந்தது, ஊதா நிறப் பூவோடு.

பந்தல்காரர் தங்கப்பன் குழித்துறைப் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். முன் வரிசைக் கால் ஒன்றுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“சாறே, இஞ்ச ஒண்ணு வந்து பாத்தே.”

குழிக்குள் மணல் மஞ்சளாக ஈரமாக இருந்தது. கடப்பாரையின் நுனியில் தோல் போன்ற ஏதோ ஒட்டியிருந்தது. தங்கப்பன் கையை விட்டு எடுத்துக் காட்டினார். வெள்ளையாக, பிள்ளைகள் விளையாடும் பந்துபோல ஒரு முட்டை, உடையாதது. உள்ளே இன்னும் நிறைய இருந்தன. மேலே இருந்தவை உடைந்திருந்தன. அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்தச் செருப்புக் கம்பு கூட்டுக்கு வைத்த அடையாளம் என்று விளங்கியது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். வேலையை நிறுத்த வேண்டும். பந்தலைப் பத்தடி தள்ளிப் போட வேண்டும். உடையாத முட்டைகளைப் புரட்டாமல், இருந்த நிலையிலேயே வேறு குழிக்கு மாற்ற வேண்டும். அதைப் பற்றி அன்றைக்குப் பேசுவதற்காக நான் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். குறிப்பு என் சட்டைப் பையில் இருந்தது. அப்போது போன் வந்தது. அதிகாரியின் கார் புதுக்கடையைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

“மூடுங்க தங்கப்பன்,” என்றேன்.

“மூடணுமா? சாறே, இது ஆமைக்க முட்டையாக்கும்.”

“தெரியும். மூடுங்க. பந்தக்காலை ரெண்டடி தள்ளி நடுங்க. மேல கம்பளத்தை விரிங்க.”

தங்கப்பன் என்னைப் பார்த்தார். கையில் இருந்த முட்டையை மெதுவாகக் குழிக்குள் வைத்து மூடினார். நான் சொன்னதுபோல அந்த இடத்துக்கு மேல் சிவப்புக் கம்பளம் வந்தது. அதற்கு மேல் நாற்காலிகள் வந்தன. நான் கடலாமை பற்றி இருபது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

விழாவுக்கு முந்தைய அரைமணி நேரத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தோன்றும் காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள் போலவே இருக்கும். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், பெரியவர் வருகிறார், ஆறு மாத உழைப்பு, ஒரு கூடுதானே. இவை எதுவும் பொய் அல்ல. காரை நிறுத்தி வைத்திருந்தால் அதிகாரி குருசடி வாசலில் பத்து நிமிடம் நின்றிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மறுநாள் காலை பந்தல் பிரிக்கும்போது நானும் போயிருந்தேன். நாய்கள் முந்திவிட்டன. மணல் முழுக்க முட்டைத் தோல். கடலிலிருந்து வந்திருந்த சூசை குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாரே, இங்கன ஒரு கம்பு நின்னுதே?”

“எந்தக் கம்பு?” என்றேன்.



யாரோ போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விழா நடந்த இடத்தில் முட்டை எப்படி உடைந்தது என்று தலைவர் கேட்டார். நான் அறிக்கை எழுதினேன். பெரிய அறிக்கை, அதில் இது ஒரு வரி: “கூடு இருந்த இடத்தை முன்பே அறிந்த உள்ளூர் நபர் எவரேனும் முட்டைகளை எடுத்திருக்கலாம், எஞ்சியவற்றை நாய்கள் தோண்டியிருக்கின்றன.” யார் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊரில் கூடு இருந்த இடத்தை முன்பே அறிந்த நபர் ஒருவர்தான். அது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அறிக்கையின் நகல் அந்த ஊர்த் தேவாலயத்தின் பங்குச்சாமியாருக்கும் போனது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில், ஆமை முட்டை எடுப்பது பாவமும் குற்றமும் ஆகும் என்று அவர் பொதுவாகச் சொன்னார். அவரும் பெயர் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலும் ஆண்கள் பக்கத்திலும் எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சூசைக்கு அட்டை வரவில்லை. கோயில் முற்றத்தில் யாரோ, “ஏலே முட்டை, இந்த வாட்டி எத்தர கிட்டிச்சி?” என்று கேட்டார்கள். நாலைந்து வருடம் நடந்து சம்பாதித்த பேர் ஒரு காலையில் போனது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கோழை என்பதோடு நின்றிருக்கும்.

சூசையின் மனைவி மரியபுஷ்பம் மீன் விற்பவர். அலுமினியச் சட்டியைத் தலையில் வைத்துப் பஸ்ஸேறி, பூதப்பாண்டியில் எங்கள் தெரு வரை வருவார். வருடக்கணக்கில் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுத்தவர். ஒருநாள் மீனைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சாரே, ஒரு மனு எழுதித் தரணும். நீங்க அந்தச் சங்கத்துல உள்ள ஆளுலா. நீங்க எழுதினா கேப்பாவ.”

“என்ன மனு?”

“எங்க வீட்டுக்காரரு முட்டை எடுத்தாருன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். அவன் யாருன்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். மொகத்த ஒரு தடவ பாக்கணும்.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதம் எடுத்தேன். மனு எழுதினேன். நல்ல மனு. குற்றஞ்சாட்டியவரின் பெயரை அறியும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு என்பதை உறுதியான தமிழில் எழுதியிருந்தேன். மரியபுஷ்பம் கைரேகை வைத்தார். மை துடைக்க என் மனைவி துணி கொடுத்தாள்.

மனு தலைவரிடம் போனது. தலைவர் “விளக்கம் தரவும்” என்று எழுதி நிகழ்ச்சி அமைப்பாளருக்கு அனுப்பினார். நிகழ்ச்சி அமைப்பாளர் நான். மனுவுக்கு விளக்கமும் நானே எழுதினேன். “சங்கத்தின் அறிக்கையில் எந்தத் தனிநபரின் பெயரும் குறிப்பிடப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.” பத்து நாள் கழித்து மரியபுஷ்பம் அந்தக் கடிதத்தை மீன்சட்டியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார், படித்துச் சொல்லச் சொல்லி. படித்தேன்.

“அப்பம் யாரும் சொல்லலியா?”

“இல்ல.”

“யாரும் சொல்லாமலா சாரே எல்லாரும் சொல்லுகாவ?”

வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். கம்பைப் பிடுங்கியதிலிருந்து கடிதம் வரை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கவில்லை.  நான் முடித்ததும் அவர் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார்.

“இத எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? நான் ஒம்மட்ட கோவப்பட்டா ஊருல அவரு பேரு மாறுமா? கோயில்ல போய்ச் சொல்லும்.”

அதுவரை என்னை “நீங்க” என்றே சொல்லி வந்தவர். அன்று முதல் “நீரு”தான்.

அடுத்த ஞாயிறு போனேன். அறிவிப்பு நேரத்தில் சாமியார் எனக்கு மைக்கைக் கொடுத்தார். முட்டை உடைந்தது என் விழாவில், மூடச் சொன்னது நான், பொய் எழுதியது நான், சூசைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னேன். முடித்ததும் ஊர்க் கமிட்டிப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாரு எவ்வளவு படிச்ச ஆளு. ஒரு ஏழைக்காகப் பழியத் தன் தலையில எடுத்துப் போடுதாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?”

கைதட்டினார்கள். எனக்குத் தேநீரும் பழமும் கொடுத்தார்கள். நான் மறுக்க மறுக்க என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது.

பின்வரிசையில் கைகட்டி நின்ற சூசை, வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “நேத்து வர நான் வெறும் முட்டை. இப்பம் சாருக்க காலப் பிடிச்ச முட்டை. போரும் சாரே, இனி எனக்கு ஒண்ணும் செய்யாதேயும்.”

குற்றத்தை ஒப்புக்கொண்டால் பாதி தீர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். நல்ல பேர் எடுத்தவனின் ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பார்த்தவர் ஒருவர் வேண்டும். தங்கப்பனைத் தேடிப் போனேன்.

“சாறே, ஆ ஊருல கோயில் திருவிழாப் பந்தல் எனக்காக்கும். முட்டைய ஒடச்சவன்னு தெரிஞ்சா பின்ன என்னய ஆரு விளிப்பா?”

நியாயமான கேள்வி. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது முறை போனபோது அவர் மனைவி அவரிடம், “இந்த மனுசன் செத்தாலும் விடமாட்டாரு, போய்ச் சொல்லித் தொலையும்” என்றார்.

திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முந்தைய நாள், கோயில் முற்றத்தில் பந்தல் வேலை முடிந்து ஊரே கூடி நின்றபோது தங்கப்பன் சொன்னார். கவனமாக, மரியாதையாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடித்துக் காட்டினார்.

“நான் குழிக்குள்ள இருந்து முட்டைய எடுத்து நீட்டுதேன். சாறு நிக்காரு. நெத்தியில வேர்ப்பு ஒழுகுது. ஒரு கையில போனு, மத்த கையில ஆமைக்க படம் போட்ட நோட்டீசு. ‘மூடுங்க தங்கப்பன், மூடுங்க தங்கப்பன்.’ நான் கேட்டேன், சாறே இது ஆமைக்க முட்டையாக்கும். ‘தெரியும், கம்பளத்த விரி!’ பின்ன மேடையில கேறி நின்னு, ஆமை நம்ம செல்வமாக்கும்னு ஒரு பேச்சு. அந்தச் செல்வத்துக்க மேலதான் ஆபீசருக்க நாற்காலி!”

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. என் ஒப்புதலை நம்பாதவர்கள் அவருடைய நடிப்பை நம்பினார்கள். கமிட்டிப் பெரியவர்கூடச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் யாரோ ஒருவர் உரக்க, “அப்பம் முட்டை இவரு இல்ல மக்கா, அந்தா நிக்காரு முட்டை சாரு!” என்றார்.

அந்த ஊரில் பட்டப்பேர் சும்மா கிடக்காது. ஒருவரை விட்டால் இன்னொருவர் மேல் உட்காரும். அன்று மாலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இரண்டு பேர் அப்படிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சங்கத்துக்கு உண்மையை எழுதிக் கொடுத்து, பொறுப்பிலிருந்து விலகினேன். விலகலை ஏற்றுக்கொண்டு பொன்னாடை போர்த்தினார்கள். சூசைக்கு அட்டை அனுப்பினார்கள். அவர் திருப்பி அனுப்பினார். “கார்டு பாத்தா ஆமை கரையேறுது?” என்றாராம். தங்கப்பனுக்குப் பந்தல் வேலை போகவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கதை சொல்லவும் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த தை மாதம், கூடுகளுக்குப் பக்கத்தில் நடுவதற்கென்று பெயிண்ட் அடித்த பலகைகள் செய்து எடுத்துக்கொண்டு சூசையைப் பார்க்கப் போனேன். “கடலாமைக் கூடு. தொடாதீர்” என்று எழுதியிருந்தது. அவர் ஒரு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாரே, முட்டை இருக்க எடத்துல இங்க முட்டை இருக்குன்னு எழுதி வைப்பியரா? எடுக்குதவனுக்குத் தேடுத வேலை மிச்சம். செருப்புன்னா குப்ப. குப்பய இந்த ஊருல யாரும் தொடமாட்டான்.” பலகையை என்னிடமே நீட்டி, “படிச்சவன் வந்து தொடுவான்னு நான் நெனைக்கல” என்றார்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர் மட்டையால் ஒரு தடத்தை அழித்து முடித்திருந்தார். அடும்பு மறுபடி படர்ந்திருந்தது. கையில் கம்பு இருந்தது, நீல நூல் இருந்தது. கரையில் அங்குமிங்கும் தேடினார். பிறகு என் காலைப் பார்த்தார்.

“அதுல ஒண்ண கழத்தும்.”

புதிய தோல் செருப்பு. கழற்றிக் கொடுத்தேன். அதைக் கல்லில் நாலு தேய் தேய்த்து, வாரைப் பிய்த்து, பழையதுபோல ஆக்கிக் கம்பில் கட்டி ஊன்றினார். இடம் எதுவென்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்றார். நான் ஒற்றைச் செருப்போடு புதுக்கடை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நாகர்கோவில் வந்து, பூதப்பாண்டிக்கு வந்து சேர்ந்தேன். கண்டக்டர் மட்டும், “ஒண்ணு விழுந்துட்டா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பங்குனியில் ஒருநாள் எங்கள் தெருவில் மரியபுஷ்பத்தின் குரல் கேட்டது. நான் வாசலில் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை.

“முட்டை சாரே! ஓய், முட்டை சாரு இருக்காரா?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பேர் அன்றோடு பூதப்பாண்டிக்கும் வந்து சேர்ந்தது. அவர் சட்டியை இறக்கி, மீனுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே என் செருப்பு. வார் நீல நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

“கூடு விரிஞ்சாச்சு. குஞ்சு அம்புட்டும் கடலுக்குப் போச்சு. குடுத்திட்டு வரச் சொன்னாரு.”

“வேற ஏதாவது சொன்னாரா?”

“அவரு என்னத்தச் சொல்லப்போறாரு.” சட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: “மத்தது இருக்கா, தூரப் போட்டீரா?”

“இருக்கு.”

“அப்பம் போட்டு நடயும்.”

செருப்பில் மீன் வாடை இன்னும் போகவில்லை. அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.